நாய், பூனையை விட்டுவிட்டு மின் மீட்டரிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில் கணினி அறிவியல் வினா-விடை வரும்போதெல்லாம் ஒரே வரிசைதான் வருகிறது. இனக்குழு என்றால் என்ன, பொருள் என்றால் என்ன, உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் வரையறு, இரண்டு மதிப்பெண். கூடவே ஓர் உதாரணம்: விலங்கு ஓர் இனக்குழு, நாயும் பூனையும் அதிலிருந்து வந்தவை, நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும். இதை ஒப்பிக்கிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதே பிள்ளையைக் கணினி முன் உட்காரவைத்து, மூன்று கிளாஸ் (இனக்குழுவின் ஆங்கிலப் பெயர்) கொண்ட சின்ன நிரல் ஒன்றை எழுதச் சொன்னால் கை ஓடாது. குறை அந்த உதாரணத்தில் இருக்கிறது. நாய் குரைப்பதால் நிரலில் எந்தக் கணக்கும் தப்பாகப் போவதில்லை. காப்பாற்ற ஒன்றும் இல்லாத இடத்தில் காவல் எதற்கு என்று பிள்ளைக்குப் புரியாமல் போவது இயல்புதானே.

தமிழ்நாட்டில் 2018-ல் வந்த பிளஸ் ஒன் பாடநூலில் சி பிளஸ் பிளஸ் வழியாகவும், 2019-ல் வந்த பிளஸ் டூ பாடநூலில் பைத்தான் வழியாகவும் பொருள்நோக்கு நிரலாக்கம், அதாவது இனக்குழு, பொருள் என்று பிரித்து நிரல் எழுதும் முறை, இருக்கிறது. பாடம் இருப்பது நல்லது. அதை எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எல்லா வீட்டு வாசலிலும் இருக்கிற மின் மீட்டரிலிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் கட்சி.

மீட்டர் ஒரே ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அந்த எண் ஏறும், இறங்காது. ரீடிங் எடுக்க வருபவர் புதிய எண்ணைப் பார்க்கிறார், பழையதைக் கழிக்கிறார், யூனிட்டை அட்டையில் எழுதுகிறார். இதை நிரலாக எழுதச் சொன்னால் எல்லோரும் முதலில் எழுதுவது ஒரு கழித்தல்தான்: புதிது கழித்தல் பழையது. 4720-லிருந்து 4520 போனால் 200 யூனிட். சரி. இப்போது ஐந்து இலக்க மீட்டர் ஒன்று 99999-ஐத் தாண்டி மறுபடி 00000-க்குத் திரும்புகிறது. சென்ற முறை 99850, இந்த முறை 00120. கழித்தால் மைனஸ் 99730 யூனிட். வாரியம் வீட்டுக்காரருக்குப் பணம் தரவேண்டும் என்று பில் வரும். உண்மையில் ஓடியது 270 யூனிட்.

"அப்படியானால் மைனஸ் வந்தால் ஒரு லட்சத்தைக் கூட்டிக்கொள்" என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள். பாதி சரி. 4720 என்று தட்டவேண்டியவர் கை தவறி 4250 என்று தட்டிவிட்டார் என்று வையுங்கள். பழையது 4520. கழித்தால் மைனஸ் 270. ஒரு லட்சத்தைக் கூட்டினால் 99730 யூனிட். இதை அப்படியே விட்டால் ஒரு சாதாரண வீட்டுக்கு லட்சக்கணக்கில் பில் போகும். ஆகவே இன்னொரு காவலும் வேண்டும்: ஒரு வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்தில் இவ்வளவுக்கு மேல் ஓட வாய்ப்பில்லை என்கிற வரம்பு. ஒரு கழித்தலில் தொடங்கியது மூன்று விதியாகிவிட்டது. இந்த மூன்றையும் எங்கே எழுதுவது? பில் அச்சிடும் இடத்திலா, குறுஞ்செய்தி அனுப்பும் இடத்திலா, மாத அறிக்கை தயாரிக்கும் இடத்திலா? எல்லா இடத்திலும் எழுதினால் ஓரிடத்தில் மறந்துபோகும். எண்ணை யார் வைத்திருக்கிறாரோ அவரே விதியையும் வைத்திருக்கட்டும். கிளாஸ் என்பதன் பிறப்பிடம் இந்த முடிவுதான்.

பைத்தானில் இப்படி வரும். நிரல்மொழியின் கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். மீட்டர், பதி, ரீடிங் போன்று நாமே வைக்கும் பெயர்களைப் பைத்தான் 3 தமிழ் எழுத்திலேயே ஏற்றுக்கொள்ளும்.

கிளாஸ் மீட்டர்:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், தொடக்கம்):
        செல்ஃப்._ரீடிங் = தொடக்கம்

    டெஃப் பதி(செல்ஃப், புதிது):
        யூனிட் = புதிது - செல்ஃப்._ரீடிங்
        இஃப் யூனிட் < 0:
            யூனிட் = யூனிட் + 100000
        இஃப் யூனிட் > 5000:
            ரெய்ஸ் வேல்யூஎர்ரர்("ரீடிங்கைச் சரிபார்க்கவும்")
        செல்ஃப்._ரீடிங் = புதிது
        ரிட்டர்ன் யூனிட்

மொத்தமே பதினொரு வரிதான். இதற்குள் ஒரு வாரப் பாடம் இருக்கிறது. (ஓர் ஓட்டையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம். கண்ணில் பட்டவர்கள் கையைத் தூக்கலாம்.)

கிளாஸ் என்பது மீட்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற எழுத்து. அதை எழுதியதும் ஒரு மீட்டரும் உண்டாகிவிடாது. மீ1 = மீட்டர்(4520) என்று எழுதும்போதுதான் ஒன்று உண்டாகிறது; மீ2 = மீட்டர்(99850) என்றால் இன்னொன்று. இவைதான் ஆப்ஜெக்ட், பாடநூல் சொல்லும் பொருள். இரண்டுக்கும் நடத்தை ஒன்று, எண் வேறு. மீ1-ல் பதிந்தது மீ2-ஐத் தொடாது.

செல்ஃப் என்ற சொல்லில்தான் பைத்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். மந்திரம் எதுவும் இல்லை. மீ1.பதி(4720) என்று நாம் எழுதுவதைப் பைத்தான் மீட்டர்.பதி(மீ1, 4720) என்று மாற்றி ஓட்டுகிறது. புள்ளிக்கு முன்னால் இருப்பது முதல் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிடித்துவைக்கும் நாற்காலிதான் செல்ஃப். நாற்காலி போட மறந்தால், "ஒரு மதிப்பு வாங்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு வந்திருக்கிறது" என்ற பொருளில் பிழைச்செய்தி வரும். "நான் ஒன்றுதானே கொடுத்தேன்" என்று பிள்ளை முழிக்கும். மேலே சொன்ன மாற்றத்தைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டால் அந்தக் குழப்பம் திரும்ப வராது.

இன்னொரு வழுக்குமிடம் இனிட். அதற்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு. அச்சில் இரண்டும் ஒட்டி ஒன்றாகத் தெரிவதால் பிள்ளைகள் ஒன்றே ஒன்று போடுகிறார்கள். பைத்தான் அதைத் தப்பென்று சொல்லாது. ஏதோ ஒரு சாதாரண மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்) என்று எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு மீட்டர்(4520) என்ற வரியில், மீட்டர் எந்த மதிப்பையும் வாங்காது என்று அடம்பிடிக்கும். பிழை காட்டும் வரி ஒன்று, பிழை இருக்கும் வரி வேறு. ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அரை மணி நேரம் மிச்சம்.

நிரலில் வரிகளின் வரிசையையும் கவனிக்கச் சொல்லவேண்டும். செல்ஃப்._ரீடிங் = புதிது என்ற வரி எல்லாச் சோதனைக்கும் பின்னால் இருக்கிறது. அதை மேலே தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? தவறான ரீடிங் வரும், பதிந்துவிடும், அதற்குப் பிறகு "சரிபார்க்கவும்" என்று கத்தும். கத்தி என்ன பயன்? கெட்ட எண் உள்ளே போயாயிற்று. அடுத்த முறை சரியான எண்ணைத் தட்டினாலும் கணக்கு தப்பாகத்தான் வரும். முதலில் சோதி, பிறகு மாற்று என்ற பழக்கத்தை முதல் கிளாஸிலேயே கையில் ஏற்றிவிடலாம்.

இப்போது உறைபொதியாக்கம். தரவையும் செயலையும் ஒரே உறைக்குள் பொதிவது என்று வரையறை சொல்கிறது. தப்பில்லை, ஆனால் உறைக்குள் போட்டால் என்ன லாபம் என்று அது சொல்லவில்லை. லாபம் இதுதான்: ரீடிங் என்ற எண் மாற ஒரே ஒரு வழி, பதி என்ற வாசல். கணக்கு தப்பாக வந்தால் தேடவேண்டிய இடமும் அந்த ஒன்றுதான். ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் பிரைவேட் என்று போட்டால் வெளியிலிருந்து தொடும் வரியை, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்த்துத் தரும் கம்பைலரே மறுத்துவிடும். பைத்தானில் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு என்பது "தொடாதே" என்ற பலகை மட்டும். தொட்டால் தடுக்க ஆள் கிடையாது. இரண்டு அடிக்கோடு போட்டால் பைத்தான் உள்ளுக்குள் பெயரை மாற்றிவைக்கும். __ரீடிங் என்பது _மீட்டர்__ரீடிங் ஆகிவிடும். அதுவும் பூட்டு அல்ல. தெரியாமல் கை படுவதைத் தவிர்க்கும், அவ்வளவே.

இதில் ஒரு கெட்ட வழக்கம் பரவியிருக்கிறது. எல்லாத் தரவையும் பிரைவேட் ஆக்கு, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டர் (மதிப்பை எடுத்துத் தருவது), ஒரு செட்டர் (மதிப்பை மாற்றி வைப்பது) எழுது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எடிட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே எழுதித் தந்துவிடுகிறது. செட்ரீடிங் என்று ஒன்று இருந்து, அது கொடுத்த எண்ணைக் கேள்வி கேட்காமல் உள்ளே வைத்துவிடும் என்றால், கதவைப் பூட்டி அதிலேயே சாவியையும் தொங்கவிட்டதற்குச் சமம். மீட்டருக்கு வேண்டியது பதி. செட்ரீடிங் வேண்டாம். மெத்தட்டின் பெயர் அந்தத் தொழிலில் நடக்கும் வேலையின் பெயராக இருந்தால் பெரும்பாலும் வடிவமைப்பும் சரியாக இருக்கும்.

அடுத்து, மீட்டர் பழுதாகி வேறு மீட்டர் மாட்டுகிறார்கள். சர்வீஸ் நம்பர் அதேதான், வீட்டுக்காரர் அவரேதான், மீட்டர் மட்டும் வேறு. மீட்டரையும் இணைப்பையும் ஒரே கிளாஸில் அடைத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். இணைப்பு என்பது தனி கிளாஸ்; அதனிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. மீட்டர்_மாற்று என்ற மெத்தட், பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைப் பதிந்து, வந்த யூனிட்டைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, புது மீட்டரை அந்த இடத்தில் வைக்கும். சென்ற முறை 7180, கழற்றும்போது 7310 என்றால் 130 யூனிட் கையிருப்பு. புது மீட்டர் 0-லிருந்து 95 வரை ஓடியிருந்தால் இந்தத் தவணைக்கு மொத்தம் 225. மீட்டர் கிளாஸில் ஒரு வரிகூட மாறவில்லை. ஒரு ஆப்ஜெக்ட்டுக்குள் இன்னொரு ஆப்ஜெக்ட்டை வைப்பதைக் கம்போசிஷன் என்கிறோம். அன்றாட நிரல் வேலையில் பெரும்பகுதி இதுதான். பாடத்திலோ மரபுரிமத்துக்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைப்பதில்லை.

ஒரே பெயருள்ள மெத்தட் ஆப்ஜெக்ட்டுக்கு ஏற்ப வேறு வேறாக ஓடும் பல்லுருவாக்கத்துக்கும் கரண்ட் பில்லே போதும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. ஜூலை 2024 கட்டணப்படி முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளுக்கும் சேர்த்து வேறு அட்டவணை. கடை இணைப்புக்கு விதி வேறு. செப்டம்பர் 2022-ல் கட்டணம் மாறியது, ஜூலை 2024-ல் மறுபடி மாறியது, இனியும் மாறும். பழக்கமில்லாதவர்கள் எழுதும் நிரலில், வகை வீடு என்றால் இப்படி, கடை என்றால் அப்படி என்று இஃப் அடுக்கு இருக்கும். அதே அடுக்கு பில்லில் ஒன்று, நிலுவைப் பட்டியலில் ஒன்று, அறிக்கையில் ஒன்று. புது வகை ஒன்றைச் சேர்க்கும் நாளில் இரண்டைத் திருத்தி மூன்றாவதை விட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் வீட்டுவிதி, கடைவிதி என்று தனித்தனி கிளாஸ். இரண்டிலும் தொகை(யூனிட்) என்று ஒரே பெயரில் ஒரு மெத்தட். இணைப்பு தன்னிடம் இருக்கும் விதியிடம் தொகையைக் கேட்கும். அது எந்த விதி என்று விசாரிக்காது. புது வகை வந்தால் புது கிளாஸ் ஒன்று எழுதினால் போதும், பழைய வரிகளில் கை வைக்க வேண்டாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மொத்தமே இரண்டு வகை, கேட்பது ஒரே இடம் என்றால் சாதாரண இஃப் போதும். அதற்கும் ஐந்து கிளாஸ் எழுதுவது வீண் வேலை.

வீட்டுவிதியைச் சோதிக்க 0, 100, 101, 500, 501 ஆகிய ஐந்து எண்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படி மாறும் விளிம்பில்தான் பிழை ஒளிந்திருக்கும். நடுவில் 250, 350 என்று எத்தனை கொடுத்தாலும் அது வெளியே வராது. தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது. பைத்தானில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். கணினி இரண்டடிமானத்தில் பின்னங்களை வைப்பதால் வரும் வினை இது. ஜாவாவில் பின்னங்களை வைக்கும் டபிள் வகையும் இதையே செய்யும்.

ஒரு கிளாஸிலிருந்து (தாய்) இன்னொரு கிளாஸை (சேய்) தருவிக்கும் மரபுரிமத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். வகுப்பிலும் அதற்குக் கடைசி இடமே சரி. முதலில் இந்தச் சொல் தமிழில் கிளப்பும் ஒரு குழப்பம். மரபுரிமை என்றதும் நமக்குப் பூர்வீகச் சொத்து நினைவுக்கு வரும். அப்பா சேர்த்த நிலம் பிள்ளைக்கு வருவதுபோல, அடிப்படை இனக்குழுவின் ஆப்ஜெக்ட்டில் இருக்கும் எண்கள் தருவிக்கப்பட்ட இனக்குழுவின் ஆப்ஜெக்ட்டுக்கு வந்துவிடும் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் வராது. வருவது அமைப்பும் மெத்தட்களும்தான். எண்களை ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தன் பங்குக்குப் புதிதாக வாங்கவேண்டும். பைத்தானில் சேய் கிளாஸுக்குத் தனி இனிட் எழுதிவிட்டு, அதற்குள் சூப்பர் மூலம் தாயின் இனிட்டை அழைக்க மறந்தால், தாய் வைக்கவேண்டிய எண்கள் இருக்கவே இருக்காது. முதல்முறை தேடும்போது அப்படி ஒரு பண்பே இல்லை என்று பிழை வரும்.

மரபுரிமம் எங்கே உதைக்கும்? இணைப்பு என்ற கிளாஸிலிருந்து வீட்டிணைப்பு, கடையிணைப்பு என்று இரண்டைத் தருவித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்னறையை மளிகைக் கடையாக்கிவிட்டு வகை மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கிறார் ஒருவர். ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்ட் பிறந்த கிளாஸை அதன் ஆயுளுக்கும் மாற்ற முடியாது. கடையிணைப்பு என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, பழைய ரீடிங், நிலுவை, முகவரி எல்லாவற்றையும் பெயர்த்து எழுதவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் தகராறு. விதியைத் தனி ஆப்ஜெக்ட்டாக இணைப்புக்குள் வைத்திருந்தால் வேலை ஒரே வரி: விதியைக் கழற்று, வேறு விதியை மாட்டு.

இன்னொரு இடறல். விவசாய இணைப்புகள் பலவற்றில் மீட்டரே கிடையாது. விவசாய இணைப்பும் இணைப்புதானே என்று அதையும் அதே தாயிலிருந்து தருவித்தால், ரீடிங் பதியும் மெத்தட்டும் கூடவே வந்துவிடும். அதற்குள் என்ன எழுதுவது? "பதிய முடியாது" என்று பிழை எழுப்பவேண்டியதுதான். தெருவில் உள்ள எல்லா இணைப்பையும் வரிசையாக எடுத்து ரீடிங் பதியும் நிரல், அந்தத் தோட்டத்து இணைப்பில் வந்ததும் நின்றுவிடும். தாயை எதிர்பார்க்கும் இடத்தில் சேயை வைத்தாலும் நிரல் ஒழுங்காக ஓடவேண்டும் என்ற விதியை அமெரிக்காவில் பார்பரா லிஸ்கோவ் 1987-ல் ஓர் உரையில் முன்வைத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. "இது அதன் ஒரு வகையா" என்று பேச்சுவழக்கில் கேட்பது போதாது. "அது செய்வதையெல்லாம் இதுவும் செய்யுமா" என்று கேட்கவேண்டும்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு ஜாவாவின் ஸ்டாக் சாட்சி. ஸ்டாக் என்றால் தட்டு அடுக்கு. மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம். ஜாவாவில் அதை வெக்டர் என்ற பட்டியலிலிருந்து தருவித்துவிட்டார்கள். விளைவு, பட்டியலுக்கு உள்ள வசதியெல்லாம் அடுக்குக்கும் வந்து, நடுவில் ஒரு தட்டைச் செருக முடிகிறது. அதை நீக்கினால் பழைய நிரல்கள் உடையும் என்பதால் அப்படியே இருக்கிறது. ஸ்டாக்குக்குப் பதில் டெக்கை (இரு முனையிலும் வைக்கவும் எடுக்கவும் முடிகிற வரிசை) பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. 2009-ல் கூகுள் வெளியிட்ட கோ மொழியில் மரபுரிமமே இல்லை. கம்போசிஷனையும் இன்டர்ஃபேஸையும் (என்னென்ன மெத்தட் இருக்கவேண்டும் என்ற பட்டியல்) வைத்தே ஓட்டுகிறார்கள்.

இந்தச் சிந்தனை பிறந்த இடமும் நாய் பூனை அல்ல. நார்வேயின் ஆஸ்லோவில், நார்வேஜியக் கணிப்பு மையத்தில், ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகோர்டும் 1960-களில் உருவாக்கிய சிமுலா மொழியில்தான் கிளாஸும் ஆப்ஜெக்ட்டும் முதலில் வந்தன. வரிசையில் நிற்பவை, காத்திருப்பவை, நகர்பவை என்று நிஜ அமைப்புகளைக் கணினியில் நடத்திப் பார்க்க அந்த மொழி. கணினி அறிவியலின் மிக உயரிய விருதான டூரிங் விருது 2001-ம் ஆண்டுக்கு இருவருக்கும் கிடைத்தது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970-களில் ஸ்மால்டாக் மொழியை முன்னெடுத்த ஆலன் கே, ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதே முக்கியம், கிளாஸ் இரண்டாம்பட்சம் என்று சொல்லிவந்தவர். பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-ல் தொடங்கிய வேலை சி பிளஸ் பிளஸ் ஆனது. ஜாவா 1995-ல் வந்தது.

தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் பிழைகள் இன்னும் சில. பைத்தானில் பழைய ரீடிங்குகளைச் சேர்த்துவைக்க, கிளாஸின் தொடக்கத்தில் இனிட்டுக்கு வெளியே, வரலாறு = [] என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பட்டியல் கிளாஸுக்குச் சொந்தம். எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொது. மீ1-ல் சேர்த்தது மீ2-லும் தெரியும். தெருவுக்கே ஒரே அட்டையைத் தொங்கவிட்டு எல்லா வீட்டு ரீடிங்கையும் அதில் எழுதிய கதை. செல்ஃப்.வரலாறு = [] என்று இனிட்டுக்குள் எழுதினால் வீட்டுக்கு ஓர் அட்டை கிடைத்துவிடும்.

பில்லில் முந்தைய ரீடிங்கையும் காட்டவேண்டும் என்று, பழையது = மீ1 என்று வைத்துக்கொண்டு பிறகு மீ1.பதி(4720) அழைப்பார்கள். பழையதைப் பார்த்தால் அதிலும் 4720. நகல் எதுவும் எடுக்கப்படவில்லை. ஒரே மீட்டருக்கு இரண்டு பெயர். வேண்டியது எண் என்றால் எண்ணைத்தான் எடுத்துவைக்கவேண்டும்.

ஜாவாவில் சர்வீஸ் நம்பரை எழுத்துச்சரமாக வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுவது பெரிய கண்ணி. நிரலுக்குள்ளேயே எழுதிய இரண்டு சரங்களை ஒப்பிட்டால் சரி என்றே வரும், ஏனென்றால் ஜாவா அவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பகிர்கிறது. விசைப்பலகையில் தட்டி வாங்கிய சரத்தோடு ஒப்பிட்டால் இல்லை என்று வரும். இரட்டைச் சமக்குறி இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று பார்க்கிறது. எழுத்துகள் ஒன்றா என்று பார்க்க ஈக்வல்ஸ் வேண்டும். அதே ஜாவாவில், ஆக்கிக்கு (பைத்தானின் இனிட் போன்றது) வரும் மதிப்பின் பெயரும் தரவின் பெயரும் ஒன்றாக இருக்கும்போது திஸ் (பைத்தானின் செல்ஃப் போன்றது) போடாமல் ரீடிங் = ரீடிங் என்று எழுதினால், வந்த மதிப்பு தனக்கே போய்விடும்; மீட்டர் 0-விலேயே நிற்கும். கம்பைலர் தடுக்காது. தாயின் மெத்தட்டைச் சேயில் மாற்றி எழுதும்போது ஓவர்ரைடு (@Override) குறியை மேலே போடவேண்டும். தொகை என்பதை எழுத்துப் பிழையோடு எழுதினால் கம்பைலர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். குறி இல்லாவிட்டால் புது மெத்தட் என்று எண்ணிக்கொண்டு தாயினுடையதையே ஓட்டும்.

சி பிளஸ் பிளஸ் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இரண்டு. கிளாஸின் கடைசி அடைப்புக்குறிக்குப் பிறகு அரைப்புள்ளி; விட்டால் அதற்கு அடுத்து இருக்கும் வரிகளில் பிழை காட்டும். தாய் வகைச் சுட்டி (பாயின்டர்) வழியாகச் சேயின் மெத்தட் ஓடவேண்டும் என்றால் தாயில் விர்ச்சுவல் என்ற சொல் கட்டாயம். ஜாவாவிலும் பைத்தானிலும் இது தேவையில்லை. ஆகவே அங்கிருந்து வருபவர்கள் மறந்துவிட்டு, கடைக்கும் வீட்டுக் கட்டணமே வருகிறதே என்று தலையைச் சொறிவார்கள்.

நேரக் கணக்கு கேட்டால் எட்டு வகுப்பு போதும் என்போம். மீட்டர் கிளாஸுக்கு மூன்று, இணைப்புக்குள் மீட்டரை வைக்க இரண்டு, விதிகளுக்கு இரண்டு, மரபுரிமத்துக்கு ஒன்று. வரையறைகளை அதற்குப் பிறகு எழுதிப்போட்டால் பிள்ளைகளே அவற்றில் குறை சொல்வார்கள்.

இனி அந்த ஓட்டை. நிரலில் 100000 என்று நேராக எழுதியிருக்கிறோம். ஐந்து இலக்க மீட்டருக்கு அது சரி. ஆறு இலக்கம் காட்டும் மீட்டர் ஒன்று 999900-லிருந்து 000150-க்கு வருகிறது. கழித்தால் மைனஸ் 999750. ஒரு லட்சத்தைக் கூட்டினால் மைனஸ் 899750. அது 5000-ஐவிடப் பெரிதில்லை. ஆகவே இரண்டாவது காவலும் வழிவிட்டு, ரீடிங் பதிந்து, மைனஸ் யூனிட் பில்லுக்குப் போய்விடும். இலக்க எண்ணிக்கை ஒவ்வொரு மீட்டருக்கும் உரிய தகவல். அதை இனிட்டில் இன்னொரு மதிப்பாக வாங்கி, செல்ஃப்._சுற்று = 10 ** இலக்கம் (பத்தின் அடுக்கு இலக்கம்) என்று வைத்து, 100000 இருந்த இடத்தில் அதைப் போட்டால் 250 யூனிட் சரியாக வரும். திருத்தம் மூன்று வரி, எல்லாம் மீட்டர் கிளாஸுக்குள்ளேயே. மீட்டரை உண்டாக்கும் இடங்களில் இலக்கத்தைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இணைப்பும் விதிகளும் பில்லும் அப்படியே இருக்கும். உங்கள் மாணவர் பக்கத்தில் அடுத்த முறை "உறைபொதியாக்கம் வரையறு" என்ற கேள்விக்குப் பதிலாக, அந்தப் பதினொரு வரி நிரலையும் 999900, 000150 என்ற இரண்டு எண்களையும் கொடுத்து, "பில் என்ன வரும், எந்த வரியைத் திருத்துவாய்" என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி